வேலிக்கு அந்தப் பக்கம் வைத்த மருந்து

கமலேஸ்வரிக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்கு அளக்கத் தெரியாது. நீளம் என்றால் எங்கேயாவது ஓரிடத்தில் முடிய வேண்டும். அவளுடைய வாய் முடிகிற இடத்தை இதுவரை யாரும் கண்டதில்லை. கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்துத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் கரையில் அவளுடைய வளவு. வேம்பும் முருங்கையும் புளியும் நிற்கிற வளவு. மரங்களுக்குக் கீழே வரிசையாகத் தேனீப் பெட்டிகள். புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகளை வவுனியாவில் கட்டிக் கொடுத்தாயிற்று. அவளுக்கென்று மிஞ்சியிருந்தவை தேனீக்களும் ஓர் ஆடும் ஓர் எதிரியும்.

எதிரி வேறு யாருமில்லை, கூடப் பிறந்த தம்பி கனகலிங்கம்தான். தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய காணியை இரண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு பங்கு கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். நடுவில் தென்னோலை பின்னிக் கட்டிய ஒரு கிடுகு வேலி. அந்தப் பக்கமும் தேனீப் பெட்டிகள் உண்டு. காணிக்காகத்தான் சண்டை என்று அவசரப்பட்டு நினைக்காதீர்கள். காணிச் சண்டை என்றால் கோடு கச்சேரி ஏறித் தீர்த்திருப்பார்கள். இது தேன் சண்டை.

சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்தில் யாரோ ஒருவர் கமலேஸ்வரியின் தேனைப் புகழ்ந்திருக்கிறார். பந்தியில் இருந்த கனகலிங்கம், "அக்கான்ர தேனோ? அரைவாசி சீனிப்பாணி எல்லோ!" என்றான். பகிடிக்குத்தான் சொன்னான். பந்தி முழுக்கச் சிரித்தது. சாம்பார் வாளியோடு பரிமாறிக்கொண்டு நின்ற கமலேஸ்வரி, வாளியை அப்படியே அவனுடைய வாழையிலையில் கவிழ்த்துவிட்டு வெளியே நடந்தாள். அது நடந்து ஏழெட்டு வருஷம். அன்றைக்குப் பிறகு அக்காளும் தம்பியும் முகம் பார்த்து ஒரு சொல் பேசியதில்லை.

பேசவில்லை என்றால் சத்தமும் இல்லை என்றா நினைக்கிறீர்கள்? நல்ல கதை! விடிந்தால் பொழுதுபட்டால் சத்தம்தான். சாடைக் கதை என்று ஒன்று எங்கள் பக்கத்தில் இருக்கிறது. மனிதருக்குச் சொல்ல வேண்டியதை மிருகத்துக்குச் சொல்வது. கமலேஸ்வரி ஆட்டோடு பேசுவாள், கனகலிங்கம் மாட்டோடு பேசுவான். இரண்டு பேரும் வேலிக்குக் கேட்கிற மாதிரித்தான் பேசுவார்கள்.

"வெள்ளைச்சி, வேலிக்குக் கிட்டப் போகாதை. அங்கால காவாலியள் இருக்கிற இடம்" என்பாள் அவள்.

"சிவப்பி, நீ வைக்கலைத் தின். காகம் எண்டா கத்தத்தான் செய்யும்" என்பான் அவன்.

பாவம், அந்த ஆடும் மாடும் கேட்காத வசை இந்த உலகத்தில் இல்லை.

அந்தக் கலியாணவீட்டுச் சிரிப்புக்குப் பிறகுதான் கமலேஸ்வரி தேன் விஷயத்தில் ஒரு விசர் பிடித்தவள் போல ஆனாள். டவுனில் வினோஜா என்று ஒரு சித்த வைத்தியர் மருந்துச்சாலை வைத்திருக்கிறார். வயது குறைந்த பெண்தான், ஆனால் கறார். சூரணம் குழைக்கவும் லேகியம் கிண்டவும் தேன் வேண்டும். யார் கொண்டுபோனாலும் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார், மணந்து பார்ப்பார், நாக்கில் வைத்துப் பார்ப்பார், ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். கமலேஸ்வரியின் போத்தலை மட்டும் மூடியைத் திறக்காமலே வாங்கி அலுமாரியில் வைப்பார். மற்றத் தேன்காரர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே வைப்பார். அந்த மூடி திறக்காத மரியாதை இருக்கிறதே, கமலேஸ்வரிக்குக் கழுத்தில் நகை வேண்டாம், அது போதும்.

இந்த வருஷம் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று பிடித்த நேரம் பெட்டிகளுக்கு நோய் வருத்தம் வந்தது. தேனீக்கள் பறக்க மாட்டாமல் நிலத்தில் ஊர்ந்தன. தேனீப் பயிற்சி கொடுக்கிற கிருசாந்தன் என்ற பெடியன் மோட்டார் சைக்கிளில் வந்தான். ஆண் குஞ்சு இருக்கிற அறை ஒன்றை ஊசியால் கிளறிக் காட்டினான். வெள்ளைக் குஞ்சின் முதுகில், தட்டையாக நசுக்கிய கடுகு மாதிரி, கபில நிறத்தில் ஓர் உண்ணி ஒட்டிக்கொண்டிருந்தது.

"எங்கட தேனீ வழமையா இதைத் தானே கடிச்சு எறிஞ்சிடும், அன்ரி. இந்தமுறை மழையில்லை, பூவில்லை, பெட்டியள் நலிஞ்சு போச்சு. அதுகளால ஏலாமல் கிடக்கு" என்றான்.

"அப்ப மருந்து வைப்பமோ?"

"வைக்கலாம். ஆனா முதல்ல தேன் இருக்கிற மேல்தட்டைக் கழட்ட வேணும். தேனை வைச்சுக்கொண்டு மருந்து வைச்சா அந்தத் தேனும் மருந்துதான். மெழுகு அதைவிட மோசம், மருந்தைக் குடிச்சா லேசில விடாது. மற்றது அன்ரி, பக்கத்து வளவிலயும் ஒண்டாச் செய்ய வேணும். இல்லாட்டி இஞ்ச செத்தது அங்கயிருந்து திரும்பி வரும்."

"பக்கத்து வளவோ? அங்க மனிசர் ஆரும் இருக்கினமோ?" என்றாள் கமலேஸ்வரி.

பெடியனுக்கு நிலைமை விளங்கவில்லை. நேரே கனகலிங்கத்தின் படலையைத் திறந்துகொண்டு போனான். போன சுணக்கம் இல்லை, திரும்பி வந்தான். முகம் சிவந்திருந்தது.

"'அவ அனுப்பின ஆளோ நீர்? என்ர பெட்டிக்கு என்ன செய்ய வேணும் எண்டு எனக்குத் தெரியும், போம்' எண்டு கலைக்கிறார், அன்ரி."

"நான் சொன்னனான் எல்லோ, அங்க மனிசர் இல்லை எண்டு."

கமலேஸ்வரி தன்னுடைய வேலையைத் தொடங்கினாள். பெட்டியில் இரண்டு தட்டு: கீழ்த்தட்டில் ராணியும் குஞ்சுகளும், மேல்தட்டில் தேன். மேல்தட்டுகள் எல்லாவற்றையும் கழற்றி, வெள்ளை வேட்டித் துணியால் சுற்றி, வீட்டு அறைக்குள் அடுக்கிக் கதவைப் பூட்டினாள். உண்ணி பெருகுகிற ஆண் குஞ்சு அடைகளை வெட்டி எடுத்து நெருப்பில் போட்டாள். வினோஜாவின் மருந்துச்சாலையில் வாங்கிய ஓம உப்பைத் துணியில் முடிந்து கீழ்த்தட்டின் சட்டங்களுக்கு மேலே வைத்தாள். அது வெயிலுக்கு ஆவியாகி, மூக்கைத் துளைக்கிற காட்டத்தோடு பெட்டி முழுக்கப் பரவியது. அந்த வாசம் பெட்டியை விட்டுப் போகும்வரை மேல்தட்டு திரும்பி ஏறக்கூடாது. தினமும் மத்தியானத்தில் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, முகத்தை உள்ளே விட்டு மணந்து பார்த்தாள். முகத்தில் கொட்டு வாங்கினாள். "கொட்டுங்கோடி, கொட்டுங்கோ! உங்களுக்காகத்தானே சாகிறன்!" என்று தேனீக்களுக்கும் பேச்சு.

இவ்வளவு செய்கிறவள் பேசாமல் இருந்திருக்கலாம். இருந்தாளா? வேலிக்கு அந்தப் பக்கம் கனகலிங்கம் ஒரு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிவதைக் கிடுகு ஓட்டைக்குள்ளால் கண்டுவிட்டாள். விடுவாளா?

"வெள்ளைச்சி, உனக்குத் தெரியுமே? சில பெரிய மனிசருக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லிக் குடுக்கத் தேவையில்லையாம். ஏன் இந்தக் கண்டறியாத யோசனை? மாட்டு உண்ணிக்கு அடிக்கிற மருந்தைத் துணியில தோய்ச்சுப் பெட்டிக்குள்ள செருகினா ஒரு உண்ணி மிஞ்சுமோ? போய் அதைச் செய்யச் சொல்லு!"

அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. வழக்கமாக மாட்டுக்கு ஒரு பதில் சொல்வான், அன்றைக்கு அதுவும் இல்லை. அவனுடைய வாயை அடைத்துவிட்டேன் என்று கமலேஸ்வரிக்குப் புளுகம், பெரிய சந்தோஷம். அன்றைக்கு ஒரு கோப்பை சோறு கூடச் சாப்பிட்டாள்.

கொஞ்ச நாளில் ஓம வாசம் அடங்கியது. உண்ணியும் அடங்கியது. தேனீக்கள் பழையபடி விறுக்கென்று பறந்தன. அவள் மேல்தட்டுகளை ஏற்றினாள். அதே நேரம் அந்தப் பக்கத்துப் பெட்டிகள் சாகத் தொடங்கின. வாசலில் செத்த தேனீ குவிந்து கிடந்தது. காவலுக்கு ஆளில்லாத பெட்டி என்றால் மற்றத் தேனீ சும்மா விடுமா? கமலேஸ்வரியின் தேனீக்கள் கூட்டம் கூட்டமாக வேலியைத் தாண்டிப் போய், கனகலிங்கத்தின் பெட்டிகளுக்குள் புகுந்து, கிடந்த தேனை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு வந்தன. காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஒரே கொள்ளை.

கமலேஸ்வரி கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து வேம்பின் கீழே போட்டு இருந்து பார்த்தாள். கலியாணவீட்டுச் சிரிப்புக்கு இத்தனை வருஷம் கழித்துக் கூலி கிடைத்திருக்கிறது.

"என்ர பிள்ளையள் கெட்டிக்காரியள், வெள்ளைச்சி! சீனிப்பாணி எண்டவன்ர தேனைச் சுரண்டிக்கொண்டு வாறாளவை. வரட்டும், வரட்டும்!"

பூவே இல்லாத காலத்தில் மேல்தட்டு கிடுகிடுவென்று நிரம்பியது. வேறு வருஷம் என்றால் அவளே சந்தேகப்பட்டிருப்பாள். இந்த வருஷம் அவளுக்குச் சந்தோஷத்தில் கண் மூடிப் போயிற்று.

அப்போதுதான் ஒரு காலையில் கனகலிங்கம் வேலிக்குப் பக்கத்தில் மாட்டைக் கொண்டுவந்து கட்டினான். என்றைக்கும் இல்லாத உரத்த குரலில் சொன்னான்.

"சிவப்பி, வடிவாக் கேட்டுக்கொள்! இந்தத் தேன் ஒருத்தரும் வாயில வைக்கிற தேனில்லை. களவா அள்ளிக்கொண்டு போறவை அதை விக்கவும் கூடாது, குடுக்கவும் கூடாது. பிறகு ஆரும் வருத்தம் எண்டு விழுந்தா என்னில பழி போடக் கூடாது, சொல்லிப்போட்டன்!"

கமலேஸ்வரிக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. கள்ளி என்கிறான். தேனை வாயில் வைக்க முடியாது என்கிறான்.

"கேட்டியே வெள்ளைச்சி, எடுபட்டவன்ர கதையை! கலியாணவீட்டில சீனிப்பாணி எண்டான், இப்ப நஞ்சு எண்டுறான்! வயித்தெரிச்சல்! பெட்டி முழுக்கச் சாகக் குடுத்துப்போட்டு நிண்டு குலைக்கிறான்! நாளைக்கே டவுனுக்குக் கொண்டுபோய்க் குடுக்கிறன், பார்!"

சொன்னபடியே செய்தாள். அடையைப் பிழிந்து, வடித்து, போத்தலில் விட்டாள். ஏதாவது வாசம் இருந்ததா என்றால், வாரக்கணக்காக ஓம உப்புக்குள் கிடந்த மூக்கு அது, மண்ணெண்ணெயை விட்டாலும் அதற்குத் தெரிந்திருக்காது. பஸ் ஏறிப் போய்க் கொடுத்தாள். வினோஜா வழக்கம்போல மூடியைத் திறக்காமல் வாங்கி அலுமாரியில் வைத்தார். "இந்தக் காலத்திலயும் இவ்வளவு தேனோ, அம்மா! உங்கட கை கைதான்" என்றார். கமலேஸ்வரி திரும்பி வரும்போது பஸ்ஸில் தெரியாத ஆட்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாள் கூட்டுறவுச் சங்கக்கடையில் சீனி வாங்க நின்றபோது பின்னால் ஒரு குரல்.

"மச்சாள்."

திரும்பினால் கனகலிங்கத்தின் மனைவி விமலேஸ்வரி. புருஷனும் மச்சாளும் பேசாததால் அவளும் இத்தனை வருஷமாக வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவள். கமலேஸ்வரி முகத்தைத் திருப்பினாள். விமலேஸ்வரி விடவில்லை, கிட்ட வந்தாள்.

"மச்சாள், கோவிக்காதேங்கோ. அந்தத் தேனை டொக்டருக்குக் குடுத்திட்டியளோ?"

"குடுத்தா உனக்கென்ன?"

"ஐயோ மச்சாள்! இவர் பெட்டிக்குள்ள மாட்டு மருந்தல்லோ போட்டவர். உங்கட தேனீ அதைத்தானே அள்ளிக்கொண்டு போனது. அதுக்குத்தானே வேலியில வந்து நிண்டு மாட்டுக்குச் சத்தம் போட்டவர்!"

"மாட்டு மருந்தோ? தேனீக்கோ? அந்த விசரனுக்கு அதை ஆர் சொன்னது?"

விமலேஸ்வரி சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்கள்தானே மச்சாள் சொன்னனீங்கள், ஆட்டுக்கு. இவர் வேலியோட நிண்டு கேட்டவர். 'அக்கா என்னை எவ்வளவு திட்டினாலும் தேனீயில பிழையாச் சொல்லமாட்டா' எண்டு சொல்லிப்போட்டு, அண்டைக்கே போய் மருந்து வாங்கிக்கொண்டு வந்தவர்."

கமலேஸ்வரி சீனிப்பையைக் கடை மேசையில் வைத்தாள்.

"மேல்தட்டைக் கழட்டினவனோ?"

"அதை நீங்கள் சொல்லேல்லையே, மச்சாள்."

அவள் வீட்டுக்கு ஓடினாள். ஆமாம், ஓடினாள், அந்த வயதில், சங்கக்கடையிலிருந்து வாய்க்கால் கரை வழியாக. பிழிந்த அடையின் சக்கை சட்டியில் கிடந்தது. தண்ணீரால் முகத்தையும் மூக்கையும் கழுவிவிட்டு, சக்கையைக் கையில் எடுத்து உருட்டிச் சூடாக்கி மணந்தாள். ஒருதரம் தெரியவில்லை. இன்னொருதரம் மணந்தாள். தேன் வாசத்துக்கு அடியில், உண்ணி மருந்து போட்டு மாட்டைக் குளிப்பாட்டுகிற நாளில் வேலியைத் தாண்டி வருமே, அந்த எண்ணெய் நாற்றம் மெல்ல எழும்பியது. சட்டியை முற்றத்தில் வீசி எறிந்தாள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நின்றாள். அவளுடைய வாழ்க்கையில் அது ஒரு புது அனுபவம்.

பஸ்ஸில் ஏறியதும் பழைய கமலேஸ்வரி திரும்பி வந்தாள். டொக்டரிடம் என்ன சொல்வது என்று ஒவ்வொரு சொல்லாக அடுக்கினாள். என்ர தம்பி எண்டு ஒரு கோதாரி இருக்கிறான், பிள்ளை. அவன்தான் நஞ்சு வைச்சவன். நான் முறையாத்தான் செய்தனான், தட்டுக் கழட்டினனான், ஓம உப்பு வைச்சனான், உங்களிட்டைத்தானே வாங்கினனான். இனி அவன் ஒரு போத்தல் இந்தப் பக்கம் கொண்டுவந்தாலும் வாங்கிப்போடாதேங்கோ. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவனுடைய பேரை நாறடிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? டவுன் வரும்வரை அவளுக்கு உள்ளே கொதித்துக்கொண்டே இருந்தது.

மருந்துச்சாலையில் சனம். கதிரை எல்லாம் நிறைந்து, வாசலிலும் நின்றார்கள். தேன்காரர் ஒருவர் போத்தலோடு காத்துக்கொண்டிருந்தார். வினோஜா அவளைக் கண்டதும், "வாங்கோ அம்மா, என்ன, மறந்து எதையும் விட்டிட்டுப் போனீங்களோ?" என்றார்.

"என்ர தேனை எடுக்காதேங்கோ, டொக்டர் பிள்ளை. அதில மாட்டு மருந்து கலந்துபோச்சு."

சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வினோஜா எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தார். ஒரு போத்தலின் மூடியைத் திறந்து மணந்தார். கமலேஸ்வரி அதைப் பார்க்க மாட்டாமல் நிலத்தைப் பார்த்தாள். ஒரு சட்டி லேகியம் கிண்டி ஆறவைத்திருந்தார்கள், அதை வெளியே கொண்டுபோகச் சொன்னார். காலையில் ஒருவருக்குச் சூரணத்தோடு சின்னப் போத்தல் ஒன்று கொடுத்திருந்தார்கள், அந்த வீட்டுக்கு உடனே போன் எடுக்கச் சொன்னார். நல்லகாலம், அவர் இன்னும் தொடவில்லையாம்.

"எப்பிடி வந்தது, அம்மா?" என்று வினோஜா கேட்டார்.

இதோ கேட்டுவிட்டார்! அடுக்கி வைத்த சொல்லெல்லாம் நாக்கு நுனியில் நின்றது. சனம் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றது. அந்தத் தேன்காரர் உதட்டோரத்தில் சிரித்துக்கொண்டு நின்றார்.

"என்ர பெட்டியிலதான் வந்தது. நான் கவனிக்கேல்லை" என்றாள்.

வினோஜா திறந்த போத்தலை மூடி மேசையில் வைத்தார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"நீங்கள் வந்து சொன்னது பெரிய காரியம், அம்மா. ஆனா இனி நீங்கள் கொண்டுவந்தாலும் எல்லாரின்ரயும் மாதிரி நான் திறந்து பாத்துத்தான் எடுப்பன்."

"ஓம்" என்றாள் கமலேஸ்வரி. போத்தல்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் அன்றைக்கு அவள் யாருக்கும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தவள் உள்ளே போகவில்லை. நேரே வேலிக்குப் போனாள். ஆடு பழக்கதோஷத்தில் பக்கத்தில் வந்து நின்றது. "போ அங்கால!" என்று அதைக் கலைத்தாள். கிடுகை இரண்டு கையாலும் விலக்கினாள்.

"கனகலிங்கம்!"

மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தவன் வாளியைத் தவறவிட்டான். இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அவனுடைய பேர் வந்தது அதுதான் முதல்தரம்.

"உன்ர பெட்டியில இருக்கிற அடை எல்லாத்தையும் நாளைக்கு வெட்டு. தேனும் மெழுகும் ஒரு துண்டு மிஞ்சக் கூடாது. ஆழமாக் கிடங்கு வெட்டிப் புதைச்சுப்போடு, ஒரு தேனீயும் திரும்பித் தொடக் கூடாது. நானும் என்ர மேல்தட்டு முழுக்க வெட்டுறன். விளங்குதோ?"

அவன் தலையை ஆட்டினான். கண் அவளுடைய கையில் இருந்த பைக்குப் போயிற்று. உள்ளே போத்தல்கள் இருப்பதைக் கண்டான். குரல் இறங்கியது.

"டொக்டரிட்டைச் சொல்லிப்போட்டியோ?"

"சொல்லிப்போட்டன். சனம் முழுக்க நிக்கத்தான் சொன்னனான்."

"என்ர பேரையும் சொன்னனியோ?"

"இல்லை."

கனகலிங்கத்தின் முகம் இளகியது. ஏதோ பாசத்தில் காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்தான் போலும். ஒரு அடி முன்னுக்கு வந்தான்.

"ஏன்... அக்கா?"

"அக்காவும் கொக்காவும்! அங்கயே நில்!" என்றாள் கமலேஸ்வரி. "அந்தத் தேன் என்ர பேரிலதான் அங்க போனது. எடுத்த பேரும் என்ர, கெட்ட பேரும் என்ர. அதில உனக்கு ஒரு சொட்டும் பங்கு தரமாட்டன்."

கிடுகைச் சேர்த்து இழுத்துவிட்டு, அடை வெட்டுகிற கத்தியைத் தேடிக்கொண்டு குசினிக்குள் போனாள்.